மைனஸ் நாலு தட்டு

பிற்பகல் ஈடு இறங்கி அடுப்பின் வாய் மூடப்பட்ட பிறகு, அடுமனையில் சிறிது நேரம் அமைதி நிலவும். ரொட்டியின் மணம் மட்டும் எழுந்து உலவிக்கொண்டிருக்கும். அந்நேரத்தில் பிசையும் மேசையைத் துடைக்காமல் விட்டுவைப்பது அண்ணியின் வழக்கம். எஃகுப் பலகைமேல் மெல்லிய மாவு படிந்திருக்கும். அதில் விரலால் எழுதினால் எழுத்து கருமையாய் ஒளிரும். தாளில் எழுதும்போது நடுங்கும் அவள் கை, மாவில் எழுதும்போது நடுங்குவதில்லை. ஆகவே இயற்கணிதம் என்னும் பெருங்கடலை அவள் மாவின்மேலேயே நீந்திக் கடக்க முயன்றுகொண்டிருந்தாள்.

அண்ணி என்பது வீட்டில் வழங்கிய பெயர். கணவனின் தங்கை அவ்வாறு அழைக்கத் தொடங்க, அது சுவர் தாண்டி, தெரு தாண்டி, அடுமனைக்குள்ளும் புகுந்துவிட்டது. அவளைவிட வயதில் மூத்த முதலாளிகூடச் சில வேளை மறந்தாற்போல் "அண்ணி" என்று கூப்பிட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு "அம்மா" என்று திருத்துவார்.

அந்த முதலாளி பாலத்துக்கு அப்பால் இரண்டாவது கடையைத் திறக்கவிருந்தார். புதிய அடுப்பு வந்து இறங்கி, பிரிக்காத மூட்டைகளுக்கு நடுவே மணப்பெண்போல் நின்றது. அதன் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதே எஞ்சியிருந்த கேள்வி. கைப்பக்குவத்தில் அண்ணிக்கு இணை அந்த வட்டாரத்திலேயே இல்லை. ஆனால் அடுப்புக்குப் பொறுப்பேற்பவர் தொழிற்பயிற்சி நிலையத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. மாவின் பதம், நொதிக்கும் முறை, வெப்பம், தூய்மை என்று எல்லாப் பாடங்களிலும் அவள் தேறிவிட்டாள். கணக்கு மட்டும் மிச்சம். அதை இருமுறை எழுதி இருமுறையும் தோற்றாள். நிலையத்தார் மதிப்பெண்ணை மட்டும் சொல்வார்கள், விடைத்தாளைக் காட்டமாட்டார்கள். எங்கே சறுக்கினோம் என்று தெரியாமலே சறுக்கியவள் அவள்.

"இந்தத் தடவை தேறிட்டா அடுப்பு உங்களுதும்மா. இல்லன்னா நான் வெளியில ஆள் பார்க்கணும். என்னத் திட்டக்கூடாது," என்று முதலாளி சொல்லியிருந்தார். அவர் முகத்தில் கடுமை இல்லை. அதனாலேயே அச்சொல் அவளுக்கு அதிகமாய்க் கனத்தது. பிறர் மூட்டிய அடுப்பில், பிறர் சொன்ன சூட்டில், பிறர் குறித்த வேளையில் ரொட்டி சுட்டே அவள் இளமை கழிந்திருந்தது. ஒரே ஒரு அடுப்பாவது தன் சொல் கேட்டு எரிய வேண்டும் என்பது அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத வேண்டுதல்.

அன்று மேசையருகே அவள் குனிந்திருந்தபோது, தோளில் கருவிப்பையும் முழங்கையில் கிரீஸுமாய் நாத்தனார் உள்ளே நுழைந்தாள். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவள் தொழில். ஆளும் நெடியவள். கூடப் பிறந்த அண்ணன் வைத்த பெயர் 'ஏணி'.

"அண்ணி, சூடா ஏதாச்சும் இருக்கா? இல்ல, இந்த மேசையையே கடிச்சுக்கவா?"

"மொதல்ல கையக் கழுவு. கிரீஸ் வாசனையோட கிட்ட வந்தா ரொட்டி கோச்சுக்கும்."

"ரொட்டி கோச்சுக்காது. அதப் பெத்தவதான் கோச்சுக்குவா," என்று சொல்லிக்கொண்டே அவள் கையைக் கழுவி, ஒரு பன்னை இரண்டாய்ப் பிளந்து, மேசைமேல் எட்டிப் பார்த்தாள்.

மாவின்மேல் 3x + 8 = 29 என்று எழுதியிருந்தது. அண்ணியின் விரல் தயங்கவே இல்லை. இரு பக்கமும் எட்டை நீக்கினாள்; 3x = 21. இரு பக்கத்தையும் மூன்றால் பகுத்தாள்; x = 7.

"அட, மின்னல் மாதிரி போடறீங்களே!"

"இதுல என்ன இருக்கு? தராசுதானே. இந்தத் தட்டுலேர்ந்து எட்டு எடுத்தா, அந்தத் தட்டுலேர்ந்தும் எட்டு எடுக்கணும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தா முள்ளு சாயும், வாங்க வந்தவன் முறைப்பான்."

அடுத்து அவள் இருபடிச் சமன்பாடு ஒன்றை எழுதினாள்.

x² − 2x − 24 = 0

பெருக்கினால் இருபத்துநான்கு வரவேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரண்டு வரவேண்டும். தட்டில் பன்களை வரிசையிட்டே பழகியவள் அவள். ஓர் எண்ணைக் கண்டதும், அது எந்த எந்த எண்கள் கைகோத்துப் பெருகி நிற்பது என்பது அவள் கண்ணில் தானே விரியும். இருபத்துநான்கு அவளுக்கு எட்டு வரிசையில் மூன்றாகவும், பன்னிரண்டு வரிசையில் இரண்டாகவும், ஆறு வரிசையில் நான்காகவும் மாறி மாறித் தெரிந்தது. ஆறும் நான்கும் என்று கண்டவுடன் எழுதினாள்:

(x − 6)(x + 4) = 0

பிறகு, உள்ளங்கையின் ஓரத்தால் இரண்டாவது அடைப்புக்குறியை ஒரே இழுப்பில் வழித்துத் தள்ளினாள். x = 6 என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தாள். நிறைவோடு நிமிர்ந்தாள்.

பன்னை மென்றுகொண்டிருந்த நாத்தனாரின் வாய் நின்றது.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"பார்த்துட்டுத்தானே இருந்தே? கணக்குப் போட்டேன்."

"கடைசியில கையால எதையோ தள்ளிவிட்டீங்களே?"

"அதுவா? அது ஓரத்து மாவு மாதிரி. பன் வெட்டினது போக மிச்சம். வேண்டாதது."

"அண்ணி, அதுக்குள்ள ஒரு பதில் இருந்துச்சு. எக்ஸ் கூட்டல் நாலு சைபர்னா, எக்ஸ் மைனஸ் நாலு."

அண்ணி, குழந்தையின் பிதற்றலைக் கேட்பவள்போல் சிரித்தாள். "மைனஸ் நாலு தட்ட எந்த அடுப்புலடி வைப்பே?"

"தட்டுன்னு யாரு சொன்னா?"

"பின்ன, எக்ஸ்னா வேற என்னவாம்?"

நாத்தனார் பன்னைக் கீழே வைத்துவிட்டாள். அவள் முகத்தில் ஐயம் ஒன்று முளைத்துப் படர்ந்தது. மாவின் ஒரு மூலையில் அவளே எழுதினாள்: x² + 7x + 12 = 0.

"இதப் போடுங்க."

"மூணும் நாலும்." அண்ணி ஒரு நொடியில் (x + 3)(x + 4) = 0 என்று எழுதிவிட்டாள். எழுதியதும் உதட்டைப் பிதுக்கினாள். "இந்த மாதிரி புத்தகத்துலயும் நிறைய வருது. ரெண்டு பக்கமும் மைனஸ். ஒரு பன்னும் தேறாது. அச்சுப்பிழைன்னு விட்டுடுவேன்."

"அச்சுப்பிழையா!"

"பாவம், அவங்களுக்கும் எவ்வளவு வேலை இருக்கோ."

நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொன்று எழுதினாள்: x² = 5x.

"இது சுளுவு. ரெண்டு பக்கத்தையும் எக்ஸால வகுத்தா எக்ஸ் அஞ்சு. தராசு சாயல."

"சைபரும் ஒரு பதில்தானே அண்ணி?"

"சைபர் தட்டு சுடறதுக்கு எதுக்குடி அடுப்பு பத்த வைக்கணும்?"

அதற்குமேல் அடக்க முடியவில்லை. நாத்தனார் மாவு மூட்டையின்மேல் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். முதலில் அண்ணியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு தன்னைப் பற்றியதென்று புரிந்து, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"போதும்டி. மூட்ட கிழிஞ்சுடப் போகுது."

"அண்ணி, உங்க கணக்குல ஒரு தப்பும் இல்ல. காரணிப்படுத்தறதுல எங்க ஆபீஸ்ல இருக்கிற என்ஜினியரவிட நீங்க வேகம். ஆனா ரெண்டு தடவையும் இதுலதான் போயிருக்கு. ரெண்டு பதில் கேட்டா நீங்க ஒண்ணக் குடுத்துட்டு எழுந்து வந்துட்டீங்க."

அண்ணி தான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னாள். அவள் சொன்ன விளக்கத்திலிருந்து நடந்தது மெல்லத் தெளிவாயிற்று. பயிற்சி வகுப்பில் ஆசிரியர் முதன்முதலில் போட்டுக்காட்டியது ஒரு பலகையின் நீளத்தைப் பற்றிய கணக்கு. அதில் இரண்டு விடைகள் வந்தன. 'நீளம் குறை எண்ணாக இருக்க இயலாது; ஆகவே இதை விலக்குக' என்று அவர் ஒன்றை அடித்தார். ஆகா, நம் தொழிலுக்கு ஏற்ற சொல் என்று அண்ணி அதை நெஞ்சில் பொறித்துக்கொண்டாள். அன்றுமுதல் எந்தச் சமன்பாட்டைக் கண்டாலும், மைனஸ் என்றால் விலக்கு, சைபர் என்றால் விலக்கு.

"புத்தகத்துக்குப் பின்னாடி ரெண்டு விடை போட்டிருப்பானே?" என்று கேட்டாள் நாத்தனார்.

"போட்டிருந்தான். மொதல் விடை எனக்குச் சரியா வந்துடும். ரெண்டாவது, இத விலக்கணும்னு ஞாபகப்படுத்தறதுக்காகப் போட்டிருக்கான்னு நினைச்சேன்."

இம்முறை நாத்தனார் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அண்ணியின் தோளை அணைத்துக்கொண்டாள். கிரீஸ் படிந்த முழங்கை வெள்ளை அங்கியில் கோடு போட்டது; அதை இருவருமே கவனிக்கவில்லை.

பிழை எதுவென்று தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததை மனம் ஒப்பவேண்டுமே! அன்று மாலை வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் அண்ணி மாவைத் தூவிக்கொண்டு அமர்ந்தாள். 'மைனஸ்' என்று எழுதப்போன விரல், சுடுபாத்திரத்தைத் தொட்டதுபோல் ஒவ்வொரு முறையும் பின்வாங்கியது.

"இல்லாத ஒண்ண இருக்குன்னு எழுதறது பொய் சொல்ற மாதிரி இருக்குடி," என்றாள் எதிரே இருந்த நாத்தனாரிடம்.

சன்னலோரம் அமர்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அண்ணன், அதாவது அவள் கணவன், தலையை உயர்த்தினான். தையற்காரன், கணக்கில் அவனுக்குத் தெரிந்தது அங்குலநாடாவின் கணக்கு ஒன்றுதான். தலை முழுவதும் வழுக்கை.

"மைனஸ் எனக்குத் தெரியாது. ஆனா சைபர் தெரியும்," என்றான். "என் தலையில முடி எத்தன?"

"ஏங்க, இப்ப எதுக்கு அந்தச் சோகக்கதை?"

"சொல்லேன்."

"சைபர்."

"அது உண்மையா, பொய்யா?"

"ஊருக்கே தெரிஞ்ச உண்மை."

"அப்ப எழுது. உண்மைய விலக்கினா நான் கோச்சுக்குவேன்."

அண்ணி சிரித்துக்கொண்டே x² = 5x என்பதன் கீழ் முதன்முறையாக 0 என்றும், அதன் பக்கத்தில் 5 என்றும் எழுதினாள். நாத்தனார் அண்ணனின் வழுக்கையில் ஒரு முத்தம் வைத்தாள். "இத்தன வருஷத்துல உன் தலை செஞ்ச மொதல் நல்ல காரியம்," என்றாள்.

சைபர் வீட்டுக்குள் வந்துவிட்டது. குறை எண் மட்டும் இன்னும் வாசலில் நின்றது.

விடுமுறை நாளில் நாத்தனார் அண்ணியைத் தன்னோடு அழைத்துப் போனாள். நகரின் நடுவே வானைத் துழாவி நின்ற அலுவலகக் கட்டடம் ஒன்றில், மாதந்தோறும் லிஃப்டைச் சோதிக்க வேண்டிய முறை அவளுடையது. வழியில் பசிக்கும் என்று அண்ணி ஒரு பை நிறையப் பன் எடுத்துவந்திருந்தாள். லிஃப்டினுள் நுழைந்ததும் நாத்தனார் பொத்தான் பலகையைக் காட்டினாள். மேலே பெரிய எண்கள். கீழே வர வர ஒன்று. அதன் கீழே 0. அதற்கும் கீழே −1, −2, −3, −4.

"இதென்னடி, இங்கயும் அச்சுப்பிழையா?"

"அழுத்துங்க. கடைசிப் பொத்தான்."

கதவு மூடியது. வயிறு மெல்ல எழும்புவதுபோல் ஒரு கூச்சம். மேலே ஓடிய விளக்கு 0 என்பதைக் கடந்து கீழிறங்கியது. அண்ணி நாத்தனாரின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். கடைசியில் ஒரு சிறு அதிர்வோடு பெட்டி நின்றது. கதவு திறந்தது.

அங்கே ஓர் உலகம் இயங்கிக்கொண்டிருந்தது. நீர் ஏற்றும் எந்திரங்கள் ஒருசீராய் முழங்கின. நீலம் பூசிய குழாய்கள் கூரையெங்கும் ஓடின. ஒரு மூலையில் மடக்கு நாற்காலி. அதில் கால்மேல் கால் போட்டு ஒருவர் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். நாத்தனாரைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க மேடம். என்ன இன்னிக்கு ஜோடியா?"

"எங்க அண்ணி. உங்களப் பார்க்கணும்னு வந்தாங்க."

"என்னையா?" அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அண்ணி அவரையும் சுவரில் பெரிதாய் எழுதியிருந்த −4 என்பதையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க இங்கதான் வேலை பார்க்கறீங்களா? இந்த மைனஸ் நாலுல?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே இங்கதாம்மா. மேல இருக்கறவங்களுக்குக் குழாயில தண்ணி வருதுன்னா அது இங்கேர்ந்து போறதுதான். யாருக்கும் தெரியாது. லிஃப்ட்ல வர்றவங்ககூட சைபர்லயே எறங்கிடுவாங்க." சிரித்தார். "பையில என்னம்மா, நல்ல வாசனை வருது?"

அண்ணி பையைத் திறந்து இரண்டு பன்களை அவர் கையில் வைத்தாள். அவர் ஒன்றைக் கடித்து, கண்மூடி, தலையசைத்தார். அவர் உண்பதைப் பார்த்தபடி அவள் நின்றாள். ஒரு மனிதர், அவருக்குப் பசி, அவருக்கு ருசி, அவர் இருக்கும் இடம் மைனஸ் நாலு. நேற்றுவரை உள்ளங்கை ஓரத்தால் வழித்துத் தள்ளியது இந்த இடத்தையா?

சட்டென்று அவள் உதடுகள் அசைந்தன. மனத்துக்குள் அந்தப் பழைய சமன்பாட்டை எடுத்து, x நின்ற இடத்தில் −4 என்பதை இருத்தினாள். "நாலு நாலு பதினாறு, அதே மைனஸ் ரெண்டு தடவை வந்தா கூட்டல். மைனஸ் ரெண்டு இன்டு மைனஸ் நாலு, கூட எட்டு. பதினாறும் எட்டும் இருபத்துநாலு. இருபத்துநாலக் கழிச்சா..." அவள் கண்கள் விரிந்தன. "சைபர். சைபர்டி! முள்ளு நடுவுல நிக்குது!"

"அதத்தான் நான் மூணு நாளா கத்தறேன்."

"நீ கத்தினே. தராசு சொல்லலையே. இப்பத் தராசே சொல்லுது."

எந்திரக்காரர் இரண்டாவது பன்னை எடுத்துக்கொண்டே, "எதுவோ நல்ல சேதி போல," என்றார்.

"ஆமாங்க," என்றாள் அண்ணி. "நீங்க இருக்கீங்க."

அதன்பின் வீட்டிலும் அடுமனையிலும் குறை எண்களுக்குப் பெருவாழ்வு வந்தது. அச்சுப்பிழை என்று அவள் ஒதுக்கியிருந்த கணக்குகளெல்லாம் மீண்டும் மாவின்மேல் எழுந்தன. ஆனால் அன்பு மிகுந்தாலும் தொல்லைதானே. ஒருநாள் முதலாளி பெரிய விருந்து ஒன்றுக்கு ஒப்புக்கொண்டு வந்தார்.

"அம்மா, ஒரே தட்டுல நூத்தியெண்பது சின்ன பன் வேணுமாம். அகலத்தவிட நீளவாக்குல மூணு கூடுதலா இருந்தா தட்டு மேசையில சரியா உக்காருமாம். அகலத்துல எத்தன வைக்கிறது?"

அண்ணி மாவில் எழுதினாள்: x(x + 3) = 180. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தாள்: x² + 3x − 180 = 0. கண்மூடித் திறப்பதற்குள் (x − 12)(x + 15) = 0 என்றாயிற்று. நிமிர்ந்து, மிகுந்த மரியாதையோடு அறிவித்தாள்.

"பன்னெண்டு. இல்லன்னா மைனஸ் பதினஞ்சு."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மைனஸ் பதினஞ்சா?"

"சமன்பாடு சொல்லுதுங்க."

"சரி. பன்னெண்ட நான் வாங்கிக்கறேன். மைனஸ் பதினஞ்ச நீங்க அடுக்கிக் காட்டுங்க, நான் இங்கயே உக்காந்து பார்க்கறேன்." அவர் உண்மையாகவே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அண்ணி தன் எழுத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு முதலாளியை. பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பின் நடுவே, நெடுநாளாக முடிச்சிட்டுக் கிடந்த நூல் ஒன்று தன்னால் நெகிழ்ந்தது. மாலையில் நாத்தனாரிடம் அதைச் சொன்னாள்.

"சமன்பாடு ரெண்டு பேரையும் உள்ள விடுதுடி. அது யாரு எவருன்னு கேக்காது, தராசு சாயலன்னா வான்னு சொல்லிடும். அப்புறம்தான் கேள்வியப் பார்க்கணும். கேள்வி பன்னப் பத்திக் கேட்டா, பன்னுக்கு ஒத்துவராதவர வணங்கி அனுப்பிடணும். கேள்வி வெறும் எக்ஸ்னு மட்டும் கேட்டா, ரெண்டு பேருக்கும் இலை போடணும்."

"அண்ணி," என்றாள் நாத்தனார், "இத எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தரல."

"ஏணி, கண்ணு கலங்காதே. கண்ணீர் விழுந்தா மாவு கட்டிதட்டிடும்."

தேர்வுநாள் வந்தது. எண்ணுக்கும் எழுத்துக்கும் அப்பால் நிற்கும் பரம்பொருளை நெஞ்சார நினைந்து அண்ணி கூடத்துள் நுழைந்தாள். வெள்ளைத்தாளைக் கண்டதும் கை வழக்கம்போல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும், எழுத்து கோணினால் எண்ணும் கோணிவிடுமா என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

நேரியல் சமன்பாடுகள் ஒவ்வொன்றும் தராசுமுள்போல் நேராய் நின்றன. காரணிகள் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தன. x² + 11x + 28 = 0 என்பதைப் பார்த்து அவள் புன்னகை செய்தாள்; −4, −7 என்று இரண்டு விடைகளையும் இடைவெளி விட்டு எழுதினாள். அடுத்து வந்தது x² = 9x. பழைய பழக்கம் பாய்ந்து வந்தது. 'இரு பக்கமும் x-ஆல்' என்றவரை எழுதிவிட்டாள். பேனா நின்றது.

இரு பக்கத்தையும் ஒன்றால் பகுக்கலாம், எட்டால் பகுக்கலாம். ஆனால் இந்த x யார்? அது சைபராக இருந்தால்? சைபரால் எதைப் பகுப்பது? ஆளே இல்லாத பந்தியில் பன்னை எப்படிப் பங்கிடுவது? யாரென்று தெரியாதவரைக் கருவியாக எடுத்து வீசினால், அவர் தானும் போய்த் தம் விடையையும் கொண்டுபோய்விடுவார். அவள் எழுதிய வரியை அடித்தாள். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து x(x − 9) = 0 என்று எழுதினாள். 0, 9.

கடைசிக் கேள்வி ஒரு தோட்டத்தைப் பற்றியது. நீளம் பன்னிரண்டு மீட்டர், அகலம் எட்டு. சுற்றிலும் ஒரே அகலத்தில் ஒரு பாதை. பாதையும் தோட்டமும் சேர்ந்த பரப்பு நூற்று நாற்பது சதுரமீட்டர். பாதையின் அகலம் என்ன? நீளத்தில் இரு முனையிலும் பாதை சேரும், அகலத்திலும் அப்படியே: (12 + 2x)(8 + 2x) = 140. விரித்து, சுருக்கி, நான்கால் பகுத்தபோது x² + 10x − 11 = 0 என்று நின்றது. (x − 1)(x + 11) = 0. இரண்டு விடைகளையும் எழுதினாள். கீழே இவ்வாறு எழுதி முடித்தாள்: '−11 இச்சமன்பாட்டுக்கு விடை, பாதைக்கு விடை அன்று. பாதையின் அகலம் 1 மீட்டர்.'

தேர்வெழுதியவர் சிலரே ஆதலால் விடைத்தாள்கள் அன்று பிற்பகலே திருத்தப்பட்டன. ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார்கள். மூக்கின் நுனியில் கண்ணாடி அணிந்த தேர்வாளர் அம்மையார், அண்ணியைக் கண்டதும் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க. போன ரெண்டு தடவையும் உங்க பேப்பர நான்தான் திருத்தினேன். உங்களுக்குத் தெரியாது."

"மன்னிச்சுக்கோங்கம்மா."

"எதுக்கு மன்னிப்பு? எனக்குத்தான் தூக்கம் போச்சு. அவ்வளவு அழகா காரணிப்படுத்தறவங்க, பாதி விடையோட ஏன் எழுந்து போறாங்கன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். இந்தத் தடவை எல்லாம் முழுசா இருக்கு. என்னதான் நடந்துச்சு? சொல்லுங்க."

அண்ணி தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கினாள். எக்ஸ் என்பது தட்டு. மைனஸ் நாலு தட்டை வைக்க அடுப்பு இல்லை. சைபர் தட்டுக்கு நெருப்பு வீண். இரண்டும் மைனஸாக வந்தால் அச்சுப்பிழை. 'அச்சுப்பிழை' என்ற இடத்தில் அம்மையாரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி விழுந்தது. அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்க்கும்படி அவர் சிரித்தார்.

"அந்தப் புத்தகத்துல நானும் சில கணக்கு எழுதியிருக்கேன்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என் கணக்க அச்சுப்பிழைன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

"ஐயோ!"

"ஐயோ எல்லாம் வேண்டாம். தேறிட்டீங்க. நல்லாவே தேறிட்டீங்க. போய் அடுப்ப மூட்டுங்க."

வெளியே காத்திருந்த நாத்தனார், அண்ணி வாய் திறப்பதற்கு முன்பே அவள் முகத்தைப் படித்துவிட்டாள். நெடிய அந்த உருவம் குனிந்து, அண்ணியை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றியது.

"எறக்குடி, எல்லாரும் பார்க்கறாங்க!"

"பார்க்கட்டும்! எங்க அண்ணி மேல போறாங்க!"

புதிய கடையின் அடுப்பு மூட்டிய நாளன்று முதலாளி, அண்ணன், நாத்தனார், பழைய கடையின் ஆட்கள் எல்லோரும் திரண்டிருந்தார்கள். அண்ணி கைகூப்பி நின்றுவிட்டு விசையைத் திருகினாள். நெருப்பு ஒரு பெருமூச்சோடு எழுந்து சுற்றிப் பரவியது. முதல் தட்டு உள்ளே போயிற்று. உடனே கேள்விகள் பொழிந்தன: தேர்வில் என்ன கேட்டார்கள், எப்படி எழுதினாய், அந்தத் தோட்டம் என்ன ஆயிற்று? அவள் மேசைமேல் மாவைத் தூவிப் பாதையை வரைந்தாள். பாதி வழியில் அண்ணன் குறுக்கிட்டு, பாதைக்கு ஏன் இரண்டு பக்கமும் சேர்த்தாய் என்று கேட்டான். சட்டைக்கு இரண்டு பக்கமும் தையல் விளிம்பு விடுவதில்லையா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டு, புரிந்தது என்று கூவினான். முதலாளி மைனஸ் பதினைந்தின் கதையை எல்லோருக்கும் நடித்துக்காட்டினார்.

முதலில் மூக்கைச் சுளித்தவள் நாத்தனார். "அண்ணி, ஏதோ தீயற வாசனை..."

அண்ணி பாய்ந்து கதவைத் திறந்தாள். தட்டின் ஒரு பக்கம் பொன்னிறம். மறுபக்கம் கரியின் நிறம். முதலாளி கருகிய பன் ஒன்றை எடுத்து, இருபுறமும் ஊதி, கடித்து, "பாதி விடை சரி," என்றார். கூடமே சிரித்தது. அண்ணியும் சிரித்தாள், ஆனால் சிரிப்பினூடே அவள் முதுகு நிமிர்ந்தது. சூட்டைக் குறைத்தாள், அடுத்த தட்டை முன்னே இழுத்தாள், இரு கைகளையும் இடுப்பில் ஊன்றினாள்.

"இது என் அடுப்பு. ரொட்டி வேகற நேரத்துல இங்க கூட்டம் கூடாது. எல்லாரும் வெளியில போங்க."

"நானுமா?" என்றார் முதலாளி.

"நீங்கதாங்க மொதல்ல."

முதலாளி பன்னை மென்றபடி, மறுபேச்சில்லாமல், எல்லோருக்கும் முன்னால் வெளியே நடந்தார்.